கசையிழையின் அளவுகோல்

சேதராப்பட்டை அடுத்துள்ள ஊசுடு ஏரி போன்ற நன்னீர் நிலைகளில் நீரைப் பசுமையாக்கும் நுண்ணுயிரிகள் பல வாழ்கின்றன. தென்னிந்திய நீர்நிலைகளில் கூட்டமாக வாழும் வால்வாக்ஸ் வகைப் பசும்பாசிகளைச் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எம். ஓ. பி. ஐயங்கார் (1886–1963) விரிவாக ஆராய்ந்தார். 'இந்தியப் பாசியியலின் தந்தை' என்று போற்றப்படுபவர் அவர். அப்பாசிகளின் ஒருசெல் உறவினமே கிளாமிடோமோனாஸ்.

இதன் முன்முனையில் நீந்துவதற்குரிய இரு கசையிழைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12 மைக்ரோமீட்டர் நீளமுடையது. அவற்றை நீக்கினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் மீண்டும் அதே நீளத்திற்கு வளர்ந்துவிடும். அளவுகோல் ஏதுமில்லாத செல் தன் கசையிழையின் நீளத்தை எவ்வாறு அறிகிறது?

ஜோயல் ரோசன்பாமும் அவர்தம் குழுவினரும் 1969ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்கு வழிகாட்டியது. ஒரு கசையிழையை மட்டும் நீக்கியபோது, நீக்கப்படாத மற்றொன்று சுருங்கத் தொடங்கியது. நீக்கப்பட்டது வளரத் தொடங்கியது. இரண்டும் சமநீளம் அடைந்தபின் ஒன்றாக வளர்ந்து இயல்பு நிலையை எய்தின.

முழுமையாக வளர்ந்த கசையிழையும் மாறாது நிற்பதில்லை. அதன் நுனியில் புரதங்கள் ஓயாமல் சேர்கின்றன, ஓயாமல் பிரிகின்றன. சேர்க்கையும் பிரிவும் சமமாகும் இடமே அதன் நீளம். கட்டுமானப் புரதங்களை நுனிக்குச் சுமந்து செல்லும் போக்குவரத்து 1993இல் யேல் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்டது.

இச்சமநிலையைக் காப்பவை மரபணுக்கள். எல்.எஃப். எனப்படும் மரபணுக்களில் சடுதிமாற்றம் நேர்ந்தால் கசையிழை இயல்பைப் போல் இரு மடங்கு நீளமும் அடையக்கூடும். அவற்றுள் நான்காவது மரபணு ஒரு கைனேஸ் நொதியை உருவாக்குகிறது. நெடிய கசையிழை கொண்ட செல் இனப்பெருக்கத்தின்போது இயல்பான செல்லோடு இணைந்தால், நெடிய இழைகள் விரைவிலேயே இயல்பான அளவிற்குச் சுருங்குகின்றன. பழுதற்ற மரபணுவின் விளைபொருள் பொதுவான சைட்டோபிளாசத்தின் வழியே பழுதுற்ற செல்லின் இழைகளையும் சீராக்கிவிடுகிறது.

இவ்வறிவு பாசியோடு நிற்பதன்று. நம் சிறுநீரக நுண்குழல்களின் செல்களிலும் கசையிழையை ஒத்த குறுயிழைகள் உண்டு. கிளாமிடோமோனாஸில் கசையிழையைக் கட்டும் ஒரு மரபணுவிற்கு இணையான மரபணு பழுதுற்ற எலிகளில், குறுயிழைகள் இயல்பினும் குட்டையாக இருப்பதும் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் பெருகுவதும் 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் தெரியவந்தன. மனிதரின் சிறுநீரக நீர்க்கட்டி நோயைப் புதிய நோக்கில் ஆராய இது வழிவகுத்தது. ஏரி நீரின் எளிய உயிரி, மனித நோயின் வேரைத் தேடும் மருத்துவருக்கும் ஆசானாயிற்று.

சிந்தனை வினா: நெடிய கசையிழை கொண்ட செல் இயல்பான செல்லோடு இணையும்போது இயல்பான இழைகள் நீளாமல், நெடியவை சுருங்குவது எதனைக் காட்டுகிறது?