மூலைவிட்டம் உரைக்கும் உண்மை

வீடு கட்டத் தொடங்குவோர் மனையில் முதற்கண் செய்யும் வேலை, முளை அடித்து நூல் கட்டுதலாகும். கொத்தனார் நான்கு மூலைகளிலும் முளைகளை நடுகின்றார். அவற்றைச் சுற்றி நூலை இழுத்துக் கட்டுகின்றார். நீளம் 40 அடி. அகலம் 30 அடி. எதிர்ப்பக்கங்களை அளந்து பார்த்தால் அளவில் சிறிதும் பிழையில்லை. எனினும், அவர் உடனே கடைக்கால் தோண்டச் சொல்வதில்லை. அளவு நாடாவின் ஒரு நுனியை ஒரு மூலையில் பிடிக்கச் செய்து, மறு நுனியை எதிர்மூலைக்கு இழுத்துச் சென்று அளக்கின்றார். பின்னர், எஞ்சிய இரு மூலைகளுக்கு இடையேயும் அவ்வாறே அளக்கின்றார். இரண்டு அளவுகளும் ஒத்திருந்தால்தான் வேலையைத் தொடங்குகின்றார். பக்கங்கள் நான்கையும் அளந்த பின்னரும் குறுக்கே அளப்பது எதற்காக?

நான்கு நேர்கோடுகளால் அடைபட்ட உருவம் நாற்கரம் எனப்படும். அதன் எதிர்மூலைகளை இணைக்கும் நேர்கோடு மூலைவிட்டம் ஆகும். ஒவ்வொரு நாற்கரத்திற்கும் மூலைவிட்டங்கள் இரண்டு. முக்கோணத்திற்கு மூலைவிட்டம் இல்லை. அதற்குத் தேவையும் இல்லை. பக்கங்கள் மூன்றின் நீளமும் தெரிந்தால் முக்கோணத்தின் வடிவம் உறுதியாகிவிடும். நாற்கரத்தின் இயல்போ வேறு. மூங்கிற் குச்சிகள் நான்கை முனைகளில் கயிற்றால் பிணைத்துச் சட்டம் ஒன்று செய்து, அதன் ஒரு மூலையைத் தள்ளினால் சட்டம் சாய்ந்துவிடும். குச்சிகளின் நீளம் மாறவில்லை, ஆனால் வடிவம் மாறிவிட்டது, பரப்பும் குறைந்துவிட்டது. அச்சட்டத்தின் எதிர்மூலைகளுக்கு இடையே மற்றொரு குச்சியை வைத்துக் கட்டிவிட்டால், பின்னர் எவ்வளவு தள்ளினாலும் அது சாயாது. நாற்கரம் இரண்டு முக்கோணங்களாகிவிட்டமையே இதற்குக் காரணம். மரக்கதவுகளின் பின்புறத்தில் குறுக்குச் சட்டம் அறைவதும் இது கருதியே.

இவ்வுண்மையைப் பழைய கணித அறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர். கி.பி. 628 இல் பிரம்மகுப்தர் இயற்றிய நூலில், பக்கங்கள் நான்கைக் கொண்டே நாற்கரத்தின் பரப்பைக் காணும் விதி ஒன்று உள்ளது. நாற்கரத்தின் நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தின்மேல் அமைந்திருந்தால்தான் அவ்விதி சரியான விடையைத் தரும். 1150 இல் 'லீலாவதி' என்னும் நூலை இயற்றிய பாஸ்கரர், பக்கங்கள் அவையேயாயினும் மூலைவிட்டங்கள் மாறக்கூடும் என்றும், அவை மாறினால் பரப்பும் மாறும் என்றும் எடுத்துக் காட்டினார். மூலைவிட்டத்தையோ செங்குத்தையோ குறிப்பிடாமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்பது பிழை; அவ்வினாவிற்கு விடை கூற முற்படுவது அதனினும் பெரும்பிழை என்று அவர் கடிந்துரைத்தார்.

இனி, கொத்தனாரின் மனைக்கு மீண்டும் வருவோம். எதிர்ப்பக்கங்கள் சமமாக இருப்பதால் அவர் கட்டிய நூல் இணைகரமாக அமையும் என்பது உறுதி. அது செவ்வகந்தானா என்பதே ஐயம். எந்த இணைகரத்திலும், மூலைவிட்டங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் வரும் தொகை, பக்கங்கள் நான்கின் வர்க்கங்களைக் கூட்டினால் வரும் தொகைக்குச் சமமாகும். இம்மனைக்கு அத்தொகை 5000. மூலைகள் செங்கோணமாயின், மூலைவிட்டம் ஒவ்வொன்றும் 50 அடியாக இருக்கும். உருவம் சாய்ந்திருந்தால் ஒன்று நீளும், மற்றொன்று குறுகும். ஒன்று 51 அடியாயின் மற்றொன்று 49 அடிக்குச் சற்றுக் குறைந்துவிடும். அந்நிலையில், 30 அடிப் பக்கத்தின் ஒரு முனை தான் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் அடி விலகியிருக்கும். அந்த நூலை நம்பிச் சுவர் எழுப்பினால் அறைகள் எல்லாம் கோணலாகும். தரையில் பாவும் கற்கள் சுவரோரத்தில் பொருந்தமாட்டா. முளையைப் பிடுங்கி நடுவது நொடிப்பொழுது வேலை. எழுந்த சுவரை இடித்துக் கட்டுவதோ பெருஞ்செலவு.

மூலைவிட்டங்கள் சமமாயின் இணைகரம் செவ்வகமாதல் எவ்வாறு? இணைகரத்தின் அடிப்பக்கம் ஒன்றைக் கொள்க. அதன் இரு முனைகளிலிருந்தும் எழும் பக்கங்கள் தம்முள் சமம். மூலைவிட்டங்களும் சமமாயின், அவ்வடிப்பக்கத்தின்மேல் அமையும் இரண்டு முக்கோணங்கள் மூன்று பக்கங்களாலும் ஒத்தனவாகும். ஆகவே, அடுத்துள்ள இரண்டு கோணங்களும் சமமாகும். இணைகரத்தில் அடுத்துள்ள கோணங்களின் கூடுதல் 180 பாகை. எனவே ஒவ்வொன்றும் 90 பாகை. கொத்தனார் நாடாவினால் செய்ததும் இதுவே.

ஆயினும், இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். செவ்வகம் அனைத்திற்கும் மூலைவிட்டங்கள் சமம். ஆனால், மூலைவிட்டங்கள் சமமானவை எல்லாம் செவ்வகம் ஆகா. இணைப்பக்கங்களுள் ஒன்று நீண்டும் மற்றொன்று குறுகியும், சாய்ந்த பக்கங்கள் இரண்டும் சமமாகவும் உள்ள சரிவகத்திலும் மூலைவிட்டங்கள் சமமாகவே இருக்கும். ஆதலின், எதிர்ப்பக்கங்களை அளவாமல் மூலைவிட்டங்களை மட்டும் அளப்பவரும் ஏமாறுவர். ஒரு கூற்று மெய்யாயின், அதனைத் தலைகீழாக மாற்றியமைத்த கூற்றும் மெய்யாகும் என்று கொள்ளல் ஆகாது.

நாற்கரங்களின் வகைகளைக் குச்சிகள் இரண்டைக் கொண்டே அறியலாம். குச்சிகளைக் குறுக்கிட வைத்து, அவற்றின் நான்கு முனைகளையும் நூலால் இணைத்தால் நாற்கரம் ஒன்று கிடைக்கும். குச்சிகளே அதன் மூலைவிட்டங்கள். நீளம் ஒவ்வாத இரு குச்சிகள் நடுப்புள்ளிகளில் சாய்வாகக் குறுக்கிட்டால் இணைகரம் தோன்றும். அவற்றையே செங்கோணத்தில் குறுக்கிடச் செய்தால் சாய்சதுரம் தோன்றும். அதன் பரப்பு, மூலைவிட்டங்களின் பெருக்குத் தொகையில் பாதி. சம நீளமுள்ள குச்சிகள் நடுவில் சாய்வாகக் குறுக்கிட்டால் செவ்வகம். செங்கோணத்தில் குறுக்கிட்டால் சதுரம். செங்கோணம் மாறாமல், ஒரு குச்சியை மட்டும் நடுவிலிருந்து நகர்த்தினால் உருவம் பட்டத்தின் வடிவை அடையும். அப்போது சமமும் உண்டு, செங்கோணமும் உண்டு. ஆயினும் ஒன்றையொன்று இருசமக் கூறிடும் பண்பு இல்லாமையால் அது சதுரம் ஆகாது.

சதுரத்தின் மூலைவிட்டங்கள் சமமாகவும், செங்கோணத்தில் குறுக்கிடுவனவாகவும், ஒன்றையொன்று இருசமக் கூறிடுவனவாகவும் விளங்குகின்றன. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் உருவம் வேறாகிவிடும். புறத்தே உள்ள எல்லைகளை மட்டும் அளந்து ஒரு வடிவத்தை முடிவு செய்தல் இயலாது. அதன் உள்ளே ஊடுருவிச் செல்லும் கோடுகளையும் அளந்து காணல் வேண்டும். ஏடு பயிலாத கொத்தனாரும் நாடாவின் இரு நுனிகளைக் கொண்டு நாள்தோறும் நிலைநாட்டும் உண்மை இது.