கல்விமானும் அவர் கல்லாத துறையும்

கற்றவர் சொல்லுக்கு மதிப்புண்டு. ஆயினும் எதைக் கற்றவர், எதைப் பற்றிச் சொல்லுகிறார் என்று கேட்கும் வழக்கம் நம்மவரிடையே குறைவு. மளிகை விற்கும் நம்மிடம் ஒருவர் தங்கத்தைக் கொடுத்து மாற்றுப் பார்க்கச் சொன்னால், நகைக்கடைக்காரரைக் கைகாட்டி விடுவோம். பேராசிரியர்களில் சிலர் அவ்விதம் செய்வதில்லை. ஈரான் நாட்டு விஷயம் ஒன்றை எடுத்து இதனை ஆராய்வோம்.

மிஷேல் பூக்கோ என்பவர் பிரான்சு தேசத்துத் தத்துவப் பேராசிரியர். பைத்தியத்தின் சரித்திரத்தையும் சிறைச்சாலையின் சரித்திரத்தையும் எழுதிப் புகழ் பெற்றவர். 1978-ல் ஷா மன்னரை எதிர்த்து ஈரானியர் கிளர்ந்தபோது, செப்டம்பரிலும் நவம்பரிலும் அங்கே சென்று வந்து இத்தாலியப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதினார். வெறுங்கையோடு துப்பாக்கிக்கு முன் நின்ற ஜனங்களை அங்கே நிறுத்தியது மார்க்கப் பற்றே என்றார். கண்ணால் கண்டதைச் சொன்னார், அது மெய்.

அதோடு நின்றாரில்லை. இஸ்லாமிய அரசு என்றால் ஆலிம்கள் மேலிருந்து நடத்தும் ஆட்சி என்று ஈரானில் எவரும் கருதவில்லை என்றும் எழுதினார். கும் நகரில் அவர் சந்தித்த ஆயத்துல்லா ஷரீஅத்மதாரி மிதவாதி. ஆனால் பிக்ஹு அறிந்த ஆலிமே ஆளவேண்டுமென்று ஆயத்துல்லா கொமைனி 1970-லேயே நஜபில் பாடம் நடத்தி, அது நூலாகவும் வந்திருந்தது. எட்டு வருஷமாகக் கிடந்த நூல்! மதரஸாவில் ஓதும் பிள்ளைகூட முதலில் கிதாபைத்தான் புரட்டும்.

ஈரானியப் பெண்மணி ஒருவர் அந்த நவம்பரிலேயே பிரெஞ்சுப் பத்திரிகையில் ஆட்சேபித்துக் கடிதம் எழுதினார். துவேஷத்தோடு இஸ்லாத்தை அணுகலாகாது என்பது பேராசிரியரின் பதில். இதைப் படிக்கையில் நமக்கு உள்ளூர மகிழ்ச்சி உண்டாகிறது அல்லவா? அங்கேதான் அன்பர்கள் நிதானிக்க வேண்டும். நமக்குப் பிடித்ததைச் சொன்னதனால் அவர் அத்துறை அறிந்தவராகி விடமாட்டார். மாக்சீம் ரோடின்சன் நம் மார்க்கத்தவர் அல்லர், இறைநம்பிக்கையும் அற்றவர். ஆனால் அறபு பயின்று, இஸ்லாமியச் சரித்திரத்தில் ஆயுளைச் செலவிட்டவர். ஆலிம்களின் ஆட்சி பற்றி அவர் டிசம்பரிலேயே எச்சரித்தார்.

1979 மார்ச் 8-ல், தலையை மறைக்க வேண்டுமென்ற உத்தரவை எதிர்த்து டெஹ்ரான் பெண்கள் தெருவில் இறங்கினர். ஆலிமுக்குத் தலைமை அதிகாரம் தரும் அரசியல் சட்டம் அவ்வருஷம் டிசம்பரில் வாக்கெடுப்பில் நிறைவேறியது. பூக்கோ அவ்வருஷம் மே மாதம் கடைசியாக ஒரு கட்டுரை எழுதினார். அதன்பின் 1984-ல் காலமாகும் வரை ஈரானைப் பற்றிப் பத்திரிகைகளில் வேறு கட்டுரை எழுதவில்லை.