தேடுசொல்லைத் தேர்வது எப்படி?

கணிப்பொறியில் ஒரு சொல்லைத் தட்டிவிட்டால் நூலகமே நம் முன் வந்து நிற்கும் என்று மாணவ நண்பர்கள் பலர் எண்ணுகின்றனர். வராதபோது, “இத்தலைப்பில் ஒன்றும் இல்லை” என்று தலைப்பையே கைவிட்டுவிடுகின்றனர். நல்ல தலைப்புகள் பல இவ்வாறு வீணாகின்றன. நூலகத் தரவுத்தளங்கள் பெரும்பாலும் எழுத்தை எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவை. ஆகவே நாம் நினைக்கும் சொல்லைவிட, நூலை எழுதியவர் கையாண்ட சொல்லே நமக்குத் தேவை.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி நான் கட்டுரை எழுத முற்பட்டேன். அன்றைய அரசுப் பதிவுகள் ஆங்கிலத்தில் உள்ளவை. அவற்றில் ‘தாது’வைத் தேடிப் பயனில்லை. ‘ஃபேமின்’ என்பதோடு ‘ஸ்கேர்சிட்டி’, ‘ரிலீஃப்’ ஆகிய சொற்களையும் இட வேண்டும். ஊர்ப்பெயர்களோ இன்னும் தொல்லை. திருநெல்வேலி அங்கே ‘டின்னவெல்லி’, திருச்சி ‘டிரிச்சினாப்பொலி’, தஞ்சை ‘டாஞ்சூர்’. சென்னை என்னும் பெயர் ஆங்கிலத்திலும் அதிகாரபூர்வமானது 1996இல்தான். அதற்கு முந்தியவற்றை ‘மெட்ராஸ்’ என்றே தேட வேண்டும்.

சொற்களை இணைக்க மூன்று இணைப்புச் சொற்கள் உண்டு. ஜார்ஜ் பூல் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் 1854இல் வெளியிட்ட நூலில் விளக்கிய தருக்கமே இவற்றுக்கு அடிப்படை. ‘ஆண்ட்’ இட்டால் இரு சொற்களும் உள்ளவை மட்டும் வரும். ‘ஆர்’ இட்டால் ஏதேனும் ஒன்று இருந்தாலும் வரும். ஒரே பொருள் தரும் சொற்களை ‘ஆர்’ கொண்டு கோத்து அடைப்புக்குறிக்குள் வைத்து, அதனை ஊர்ப்பெயரோடு ‘ஆண்ட்’ கொண்டு சேர்ப்பது நல்ல முறை. மூன்றாவதான ‘நாட்’டை நான் அஞ்சியே தொடுவேன். 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம் வேண்டாமென்று ‘பெங்கால்’ என்பதை விலக்கினால், இரு பஞ்சங்களையும் ஒப்பிடும் நூலும் சேர்ந்தே மறைந்துவிடும்!

தமிழில் தேடுவோருக்கு வேற்றுமை உருபு ஒரு சோதனை. ‘பஞ்சம்’ என்று தேடினால் ‘பஞ்சத்தால்’ என்பது அகப்படாமல் போகலாம். சொல்லின் முடிவில் உடுக்குறி இட்டால், அதற்குப் பின் எந்த எழுத்து வந்தாலும் ஏற்கும் தளங்கள் உள்ளன. ஆனால் ‘பஞ்ச’ என்பதோடு நிறுத்திக் குறியிட்டால் பஞ்சாயத்தும் பஞ்சாங்கமும் பஞ்சாலையும் வரிசையாக வந்து நிற்கும்! ‘பஞ்சம்’, ‘பஞ்சத்த’ இரண்டையும் ‘ஆர்’ கொண்டு இணைத்து, பின்னதற்கு மட்டும் குறியிடுவதே தக்கது.

ஒரு நல்ல நூல் கிடைத்துவிட்டால் அதன் பட்டியல் பதிவில் உள்ள பொருள் தலைப்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வில்லியம் டிக்பி 1878இல் இப்பஞ்சம் பற்றி இரு தொகுதிகள் வெளியிட்டார். அத்தகைய நூலின் பொருளடக்கமே அடுத்த தேடலுக்கான சொற்களைத் தந்துவிடும். பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. ‘பஞ்சம்’ என்ற சொல்லே தலைப்பில் இல்லாத கால்வாய் அறிக்கைகளையும் புரட்ட வேண்டும் என்பது இப்படித்தான் தெரியவரும்.