மணற்குன்றின்மேல் விடியல்

வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், கலிபோர்னியா மாநிலத்தின் கிழக்கெல்லையை ஒட்டி, நெடியதொரு பள்ளத்தாக்கு உண்டு. இருபுறமும் மலைகள் மதிலென நிற்க, நடுவே அது தாழ்ந்து கிடக்கின்றது. அதன் ஒரு பகுதி கடல்மட்டத்திற்கும் 282 அடி கீழே உள்ளது. அங்கு நின்று மேற்கே நோக்கினால், 11,049 அடி உயரமுள்ள டெலஸ்கோப் சிகரம் குளிர்காலத்தில் பனிமுடி சூடி விளங்குவதைக் காணலாம். காலடியில் உப்பு வெளி, கண்ணெதிரே பனிமலை! கடலிலிருந்து எழுந்து வரும் மேகங்கள் மேற்கு மலைகளைக் கடப்பதற்குள் தம் நீரையெல்லாம் பொழிந்துவிடுகின்றன. ஆதலால், பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ இரண்டு அங்குலமே. 1913-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10-ஆம் நாள் அங்கே பதிவான வெப்பம் 134 பாகை பாரன்ஹீட், அதாவது, 56.7 பாகை செல்சியஸ். உலக வானிலை அமைப்பு ஏற்றுள்ள அளவுகளில் மிக உயர்ந்தது அதுவே.

1849-ஆம் ஆண்டில் பொன் தேடிப் புறப்பட்ட மக்கள் சிலர் வழி தவறி இப்பள்ளத்தாக்கில் அகப்பட்டனர். உணவும் நீரும் குன்றி, பல நாள் உழன்று, மலை கடந்து வெளியேறினர். அவர்களால் இதற்கு அமைந்த பெயரே ‘மரணப் பள்ளத்தாக்கு’ என்பது. ஆனால், திம்பிஷா ஷோஷோனி என்னும் பழங்குடியினர்க்கு இதுவே தாயகம். கோடையில் குளிர்ந்த மலைமேலும், குளிர்காலத்தில் தாழ்நிலத்திலும் தங்கி, மலையிலும் தரையிலும் விளைந்த விதைகளையும் கொட்டைகளையும் உண்டு அவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தனர். வாழ்ந்தவர்க்கு வீடாக இருந்த நிலத்திற்கு, வழி தவறி வந்தவர் வைத்த பெயரே நிலைத்துவிட்டது.

இந்நிலத்தைப் பலமுறை நாடிச் சென்ற புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் ஆவார். அவர் 1902-இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தவர். இளமையில் பியானோ இசை பயின்றவர். 1941-ஆம் ஆண்டில் அமெரிக்க உள்நாட்டுத் துறை, தேசியப் பூங்காக்களைப் படம் எடுத்துத் தருமாறு அவரைப் பணித்தது. போர் மூண்டமையால் மறு ஆண்டே அப்பணி நின்றது. 1946-இல் குகன்ஹைம் அறநிலையத்தின் பொருளுதவி கிட்டவே, அவர் விட்ட பணியை மீண்டும் தொடர்ந்தார்.

மரணப் பள்ளத்தாக்கின் வடபகுதியில், ஸ்டவ்பைப் வெல்ஸ் என்னும் சிற்றூரின் அருகே மணற்குன்றுகள் உள்ளன. சூழ்ந்துள்ள மலைகள் தேய்ந்து உதிர்ந்த மணலைக் காற்றுக் கொணர்ந்து குவித்தமையால் உண்டானவை அவை. மிக உயர்ந்த குன்றும் ஏறத்தாழ நூறு அடியே. எனினும், அவற்றைப் படம் எடுப்பது எளிதன்று. நண்பகலில் கதிரொளி நேர் மேலிருந்து விழும்போது மேடும் பள்ளமும் ஒன்றாகித் தோன்றும். குன்று தன் வடிவத்தையே இழந்துவிடும். நம் இலக்கண நூலார் பாலைத்திணைக்கு உரிய பொழுதாக நண்பகலை வகுத்தனர். பிரிவின் வெம்மையைப் பாட அப்பொழுதே பொருந்தும். மணலின் வடிவைக் காண விரும்புவோனுக்கோ அப்பொழுது பயன்படாது. அவன் வேண்டுவது சாய்ந்து வரும் ஒளி. கதிரவன் கீழ்வானில் தோன்றும்போதுதான் ஒவ்வொரு மணல்வரியும் தன் நிழலைத் தன் பக்கத்தே விரிக்கும். அந்த ஒளியோ சில நிமிடங்களே நிற்கும்.

ஆடம்ஸ் தம் காரின் கூரைமேல் மேடை ஒன்று அமைத்திருந்தார். காமிராவை உயரத்தில் நிறுத்துவதற்காக அமைத்த அம்மேடையே இரவில் அவருக்குப் படுக்கையாகவும் பயன்பட்டது. விடியலுக்கு நெடுநேரம் முன்னரே எழுவார், காப்பி அருந்துவார், கருவிகளை முதுகில் சுமந்து இருளில் மணல்மீது நடப்பார். அவர் சுமந்தது கைக்குள் அடங்கும் கருவியன்று. முக்காலி, கருந்துணி, தனித்தனி பிலிம் தாள்கள் ஆகியவற்றோடு கூடிய பெருஞ்சுமை. மணலில் ஓரடி ஏறினால் அரையடி சறுக்கும். சிலமுறை அவர் குன்றை அடைவதற்குள் ஒளி கடந்து போயிற்று. அவ்வாறு தோற்றுத் திரும்பியும், மறுபடியும் சென்றார்.

ஒரு நாள், ஏறத்தாழ 1948-இல், அவர் ஏற்ற இடத்தை அடைந்த வேளையில் கீழ்மலைகளின் மேல் கதிரவன் எழுந்தான். குன்றின் முகட்டின் வழியே ஒளி ஓடியது. ஒரு பக்கம் வெண்மையாய் ஒளிர்ந்தது. மறுபக்கம் கருமையில் ஆழ்ந்தது. இரண்டிற்கும் இடையே வாள்முனை போன்ற ஒரு கோடு! அக்கணத்தில் எண்ணிப் பார்ப்பதற்குப் பொழுதில்லை. எண்ண வேண்டியவற்றை எல்லாம் அவர் பல ஆண்டுகளுக்கு முன்னரே எண்ணியிருந்தார். பிரெட் ஆர்ச்சர் என்பவரோடு சேர்ந்து, 1940-ஐ ஒட்டிய காலத்தில், கருமை முதல் வெண்மை வரை உள்ள ஒளியைப் பதினொரு படிகளாகப் பகுக்கும் முறையை அவர் வகுத்தார். நிழலுக்கு ஏற்றவாறு பிலிமின்மேல் ஒளி படும் அளவையும், வெளிச்சத்திற்கு ஏற்றவாறு அதனை மருந்துநீரில் இடும் காலத்தையும் வரையறுப்பது அம்முறை. படத்தின் நெகடிவ், எழுதிய இசைக்குறிப்புப் போன்றது. அதனைத் தாளில் அச்சிடுதல் அவ்விசையை வாசித்தல் போன்றது என்பது அவர் கருத்து. பியானோ பயின்றவர்க்கு இவ்வுவமை இயல்பாகத் தோன்றியிருக்கும்.

அப்படத்தில் மனிதரும் இல்லை; மரமும் இல்லை. ஆயினும், அதனை வெறும் பாழ்நிலம் என்று எவரும் சொல்லார். இஃது அக்காலத்தில் சிறு செய்தியன்று. வெண்காரமும் பிற கனிகளும் தோண்டி எடுப்பதற்கன்றி இப்பள்ளத்தாக்கு வேறெதற்கும் உதவாது எனப் பலர் எண்ணியிருந்தனர். 1933-இல் இது தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பெற்றது. எனினும், அவ்வாண்டிலேயே சுரங்கத் தொழிலுக்கும் சட்டம் இடமளித்தது. 1954-இல் ஆடம்ஸின் படங்களும் நான்சி நியூஹாலின் உரையும் கொண்ட நூல் வெளிவந்தது. 1976-இல் சுரங்கங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் பிறந்தது. 1994-இல் இந்நிலம் தேசியப் பூங்கா ஆயிற்று. ஒரு நூலே இத்தனையும் செய்தது என்பது மிகையாகும். ஆனால், காணாத நிலத்திற்காகப் பரிந்து பேச எவர் முன்வருவர்? ஆடம்ஸ் அவ்வெற்றியைக் காணவில்லை, 1984-இல் மறைந்தார். மனிதர் இல்லாத அப்படங்கள் சொல்லாது விட்டதும் ஒன்று உண்டு. திம்பிஷா மக்களுக்கு அவர்தம் நிலத்தில் ஒரு பகுதியை மீட்டளிக்கும் சட்டம் 2000-ஆம் ஆண்டில்தான் வந்தது.

இன்றும் காமிராவுடன் பலர் விடியலுக்கு முன்னரே அக்குன்றுகளுக்குச் செல்கின்றனர். ஆடம்ஸ் கண்ட முகடு அங்கே இல்லை. காற்று அதனை என்றோ வேறு வடிவாக்கிவிட்டது. முந்தின நாள் வந்தவர்தம் காலடித் தடங்களையும் காற்று அழிக்கின்றது. தடம் படாத மணலில், நீரே பருகாது விதைகளை உண்டு வாழும் கங்காரு எலியின் சிறு சுவடுகளைக் காலையில் காணலாம். ஆனால், அதே பூங்காவில் ரேஸ்டிராக் என்னும் வறண்ட ஏரிப் படுகை ஒன்று உள்ளது. அதன் தரை மணலன்று, காய்ந்த களிமண். 2016-இல் அதன்மேல் எவரோ வண்டி ஓட்டிச் சென்றனர். பல மைல் நீளத்திற்குச் சக்கரத் தடங்கள் பதிந்தன. அவற்றை அழிக்கக் காற்றால் இயலவில்லை.