செயலியில் நேரம் காட்டுவது எப்படி? புதியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ரயில் டிக்கெட்டில் 20:40 என்று இருக்கிறது. பயணி தன் போனிலும் 24 மணிக் கடிகாரம்தான் வைத்திருக்கிறார். உங்கள் செயலியின் நினைவூட்டல் மட்டும் '8:40 பிஎம்' என்கிறது. அவர் ஏன் மனக்கணக்கு போட வேண்டும்?

படி 1: சேமிப்பது வேறு, காட்டுவது வேறு

நடந்து முடிந்தவற்றின் நேரத்தை சர்வரில் உலகப் பொது நேரமான யுடிசியில் வையுங்கள். தினமும் காலை 6 மணிக்கு அடிக்கும் அலாரம் என்றால் உள்ளூர் நேரத்தையே வையுங்கள். திரையில் வருவதை எழுத்தாகச் சேமிக்கவே வேண்டாம்.

படி 2: போனைக் கேளுங்கள்

மொழியும் நாடும் சொல்வது ஒன்று. அமைப்புகளில் பயனர் தட்டிவைத்த 24 மணி ஸ்விட்ச் சொல்வது இன்னொன்று. இரண்டும் மோதினால் ஸ்விட்சுக்கே முதலிடம்.

ஆண்ட்ராய்டில் 'கெட் டைம் ஃபார்மேட்' இந்த ஸ்விட்சைப் பார்த்து நேர வடிவத்தைத் தருகிறது. தேதியும் சேர வேண்டுமானால், 'இஸ் 24 ஹவர் ஃபார்மேட்' என்று கேட்டுவிட்டு அதற்கேற்ற வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் 'டேட் ஃபார்மேட்டர்' போதும். 'டைம் ஸ்டைல்' என்பதை 'ஷார்ட்' ஆக்குங்கள்.

படி 3: ஏஎம், பிஎம்மை நீங்கள் ஒட்டாதீர்கள்

ஆங்கிலத்தில் ஏஎம், பிஎம் எண்ணுக்குப் பின்னால் வரும். தமிழிலோ 'பிற்பகல் 3:30' என்று முன்னால் வரும். இடமும் கூடுதலாக வேண்டும். குறுகிய பட்டனில் 'பிற்ப...' என்று வெட்டுப்பட்டு நிற்பதைப் பல செயலிகளில் பார்க்கலாம். அகலத்தை எண்களை மட்டும் வைத்து அளந்ததன் விளைவு.

படி 4: சர்வரோடு பேசும்போது மட்டும் கறார்

இங்கே பயனர் விருப்பம் நுழையக் கூடாது. ஐபோனில் நிலையான வடிவம் கொடுத்தாலும், 24 மணி ஸ்விட்சை மாற்றியவரிடம் அது உருமாறிப்போகலாம். அதற்காகவே 'இஎன் யுஎஸ் போசிக்ஸ்' என்ற லொகேல் (மொழி, நாட்டு அமைப்பு) இருக்கிறது. சர்வருக்கு அனுப்பும் நேரத்துக்கு அதைக் கொடுங்கள்.

படி 5: சோதனை

நள்ளிரவு 12:05, நண்பகல் 12:05 இரண்டையும் பாருங்கள். செயலி திறந்திருக்கும்போதே ஸ்விட்சை மாற்றிவிட்டுத் திரும்பி வாருங்கள். பழைய நேரமே தெரிந்தால், ஃபார்மேட்டரை எங்கோ பிடித்துவைத்திருக்கிறீர்கள்.

தானியங்கிச் சோதனையில் '3:30 பிஎம்' என்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிடாதீர்கள். மொழிவாரியாகத் தேதி, நேர வடிவங்களைத் தரும் தரவுத் தொகுப்பு சிஎல்டிஆர். 2022இல் வந்த அதன் 42ஆம் பதிப்பு, ஆங்கிலத்தில் பிஎம்முக்கு முன்னுள்ள சாதாரண இடைவெளியைக் குறுகிய, உடையாத இடைவெளியாக மாற்றியது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் சோதனைகள் விழுந்தன.

செயலிக்குள் தனியாக ஒரு 24 மணி ஸ்விட்ச் வைக்கலாமா என்று தோன்றும். வேண்டாம்; போனில் இருப்பதை மதித்தாலே போதும்.