தாய்ப்பாலின் சர்க்கரைகளைப் பிரித்தறிதல்

சர்க்கரை என்றவுடன் நம் நினைவுக்கு வருவது இனிப்பே. ஆயினும், சர்க்கரைகள் பல வகைப்படும். குளுக்கோஸ் ஓர் ஒற்றைச் சர்க்கரை. ஒற்றைச் சர்க்கரைகள் இரண்டு இணைந்தால் இரட்டைச் சர்க்கரை உண்டாகும். பாலிலுள்ள லாக்டோஸ் அவ்வகையினது. மூன்று முதல் பத்து வரை சங்கிலிபோல் இணைந்தவற்றைக் குறுந்தொடர்ச் சர்க்கரைகள் எனலாம்.

தாய்ப்பாலில் நூற்றுக்கும் மேற்பட்ட குறுந்தொடர்ச் சர்க்கரைகள் உள்ளன. ஆனால், குழந்தையால் இவற்றைச் செரிக்க இயலாது. அங்ஙனமாயின் இவை எதற்காக? குழந்தையின் குடலில் வாழும் நன்மை தரும் நுண்ணுயிரிகளுக்கு இவை உணவாகின்றன. நோய்க்கிருமிகள் குடற்சுவரில் ஒட்டாதவாறு காக்கவும் துணைபுரிகின்றன. எந்தச் சர்க்கரை எப்பணியைச் செய்கிறது என அறிய, ஒவ்வொன்றையும் தனியே பிரித்தல் வேண்டும். இவையனைத்தும் நீரில் கரைபவை, வடிகட்டினால் பிரியமாட்டா.

இதற்கு உதவுவது வண்ணப்பிரிகை முறை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யத் தாவரவியல் அறிஞர் மிகயில் ஸ்வெட், சுண்ணாம்புத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை ஊற்றினார். பச்சையும் மஞ்சளுமாக நிறப்பட்டைகள் பிரிந்து நின்றன. தூளில் இறுக ஒட்டிய நிறமி பின்தங்கியது. தளர ஒட்டியது முந்திச் சென்றது. 1906ஆம் ஆண்டில் அவர் இம்முறைக்குப் பெயரிட்டார்.

1950ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்கள் விஸ்லரும் டர்சோவும் கரித்தூள் நிரப்பிய குழாயில் சர்க்கரைக் கரைசலை ஊற்றினர். தூய நீரை ஊற்றியபோது ஒற்றைச் சர்க்கரை வெளிவந்தது. 5 விழுக்காடு எத்தனால் கலந்த நீர் இரட்டைச் சர்க்கரையையும், 15 விழுக்காடு எத்தனால் கலந்த நீர் மூன்று அலகுச் சர்க்கரையையும் வெளிக்கொணர்ந்தன. தொடர் நீள நீளக் கரியின் பிடியும் இறுகுகிறது என்பதே இதன் உட்பொருள். தாய்ப்பாலிலிருந்து கொழுப்பையும் புரதத்தையும் நீக்கியபின், மிகுதியாக உள்ள லாக்டோஸை அகற்றவும் இம்முறை பயன்படும்.

சர்க்கரைக் கரைசலுக்கு நிறமில்லையே, பிரிந்ததை எவ்வாறு அறிவது? குழாயிலிருந்து சொட்டும் நீரைச் சிறுசிறு கலங்களில் சேர்ப்பர். ஒவ்வொன்றிலிருந்தும் சிறிதெடுத்துப் பீனாலும் அடர் கந்தக அமிலமும் சேர்ப்பர். சர்க்கரை இருப்பின் ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறம் தோன்றும்.

இப்பணியில் விரைவு ஆகாது. அவசரப்பட்டு நீரை வேகமாகச் செலுத்தினால், பிரிய வேண்டியவை மீண்டும் கலந்துவிடும். பொறுமையே இங்குத் தூய்மை தருகிறது.

அருஞ்சொற்பொருள்
அங்ஙனமாயின் – அப்படியானால்
நிறமி – நிறம் தரும் பொருள்
விழுக்காடு – சதவீதம்

பயிற்சி
1. குறுந்தொடர்ச் சர்க்கரை என்றால் என்ன?
2. தாய்ப்பாலின் குறுந்தொடர்ச் சர்க்கரைகள் குழந்தைக்கு எவ்வாறு உதவுகின்றன?
3. கரித்தூள் குழாயிலிருந்து எச்சர்க்கரை முதலில் வெளிவரும்? ஏன்?
4. பிரித்து எழுதுக: தாய்ப்பால், நுண்ணுயிரி, குடற்சுவர்.

செய்து பார்
வடிதாளில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, புள்ளி நனையாதவாறு தாளின் நுனியை நீரில் நிறுத்துக. நீர் மேலேறும்போது காண்பவற்றை ஐந்து வரிகளில் எழுதுக.