விருதுநகரில் காடா?

கேள்வி: விருதுநகர் மாவட்டம் என்றாலே வெயிலும் பட்டாசும்தானா? காட்டு அனுபவம் எழுத இங்கே என்ன இருக்கிறது? (வாசகர், சிவகாசி)

பதில்: மேற்கே திரும்பிப் பாருங்கள். ஓர் அணிலுக்காகவே 1988-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சரணாலயம் வந்தது. சாம்பல் நிற மலை அணில், வாலோடு சேர்த்து ஒரு முழத்துக்கு மேல் இருக்கும். தரையில் இறங்குவது அபூர்வம். கிளையும் கிளையும் கோத்து நிற்கும் இடமாகப் பார்த்துக் கூடு கட்டும். ஆபத்தென்றால் அடுத்த மரத்துக்குத் தாவிவிடலாமே! நடுவில் ஒரு மரத்தை வெட்டினாலும் அதன் வழி அறுந்துபோகும். 2021-ல் இந்தக் காடு மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. அமாவாசைக்குத் தாணிப்பாறையிலிருந்து சதுரகிரி ஏறுகிறவர்கள் இதற்குள்தான் நடக்கிறார்கள். அண்ணாந்து பார்ப்பவர்கள்தான் குறைவு. தேனெடுக்கும் பளியர்களிடம் உட்கார்ந்து பேசி எழுதுங்கள். புலியைப் பார்த்ததாக மட்டும் அளந்துவிடாதீர்கள்!